பல்லின் நிறத்தில் ஒரு கம்பி

பல்லழகைப் பாராட்டுவதில் நம்மவர் பிறர்க்குப் பின்னடைந்தவர் அல்லர். முத்து என்றும் முல்லையரும்பு என்றும் நம் புலவர்கள் பல்லுக்கு உவமை கூறி வந்திருக்கிறார்கள். அவ்வுவமைகளில் வெண்மை மட்டுமன்று, கோத்து வைத்தாற் போன்ற வரிசையும் அடங்கியுள்ளது. ஆனால் அவ்வரிசையை இயற்கை எல்லார்க்கும் அளித்துவிடுவதில்லை. தாடை சிறிதாகவும் பற்கள் பெரியனவாகவும் அமைந்துவிட்டால் இடநெருக்கடி உண்டாகிறது. காலந்தாழ்ந்து முளைக்கும் கோரைப்பல் தனக்குரிய இடம் காணாமல் மேலேறி நின்றுவிடுகிறது. இதனை நாம் தெற்றுப்பல் என்கிறோம். வங்காள அன்பர்கள் யானைத் தந்தம் என்று பொருள்படக் ‘கஜதாந்த்’ என்பர். பெண்களின் சிரிப்புக்கு அது தனியழகு தருவதாகச் சொல்லி மகிழ்வதும் உண்டு.

அழகென்று கொள்வோர் கொள்க. ஆயினும் நெருங்கிக் கிடக்கும் பற்களின் இடுக்குகளைத் துலக்குவது அரிது. அங்கே உணவு தங்கிச் சொத்தை தோன்றலாம், ஈறும் வீங்கலாம். முன்னே துருத்திய பற்களோ, குழந்தை இடறி விழும்போது முதலில் அடிபடுகின்றன. ஆகவே இக்காலத்தில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பற்சீரமைப்புச் செய்வது பெருகி வருகிறது. பல்லுக்குக் கம்பி கட்டுதல் என்றும், பேச்சு வழக்கில் கிளிப் போடுதல் என்றும் நாம் சொல்வது இதனையே. இப்போது அக்கம்பியையே பல்லின் நிறத்தில் பூச்சிட்டுத் தருகிறார்கள். என் மகளின் பொருட்டு இதனைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை, இதே நிலையில் உள்ள நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படுமென்று எழுதத் துணிந்தேன்.

பல் மருத்துவம் பற்றிப் பேசும்போது, நாம் பிழைக்க வந்த இம்மாநகரின் பெருமையை முதலிற் சொல்லாதிருத்தல் முறையன்று. சியால்டா நிலையத்திலிருந்து மௌலாலிப் பக்கம் நடப்பவர்கள், ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் சாலையில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரியைக் கண்டிருப்பார்கள். இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. அதனை நிறுவிய ரஃபியுத்தீன் அகமது 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று 1915-இல் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையொன்றில் பணியாற்றினார். 1919-இல் தாயகம் திரும்பி, 1920-இல் கல்கத்தாவில் இக்கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பொருள் வேண்டி ‘நியூயார்க் சோடா பவுண்டன்’ என்னும் பெயரில் குளிர்பானக் கடை ஒன்றை நடத்தினார் என்பர். பல்லுக்கு ஆகாத இனிப்பை விற்ற காசு பல்லைக் காக்கும் கல்விக்குப் பயன்பட்டது ஒரு விந்தையே. 1949-இல் கல்லூரியை அரசினரிடம் ஒப்படைத்தார். பின்னர் டாக்டர் பி. சி. ராய் அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்தார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1965-இல் மறைந்தார். நம் சென்னையில் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1953-இல்தான் என்பதை ஒப்பு நோக்கினால், கல்கத்தா எத்துணை முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

அகமது பயின்ற அதே அயோவா பல்கலைக்கழகம், அரை நூற்றாண்டுக்குப் பின் இன்னொரு வகையிலும் நம் பிள்ளைகளின் வாய்க்குத் தொடர்புடையதாயிற்று. பற்சீரமைப்பை ஒரு தனித்துறையாக வளர்த்த எட்வர்டு ஆங்கிள் என்னும் அமெரிக்க மருத்துவரின் காலத்தில் தங்கக் கலவைக் கம்பிகளே பெரிதும் வழங்கின. அவர் 1930-இல் மறைந்தார். அதற்குப் பிற்பட்ட ஆண்டுகளில், விலை குறைந்ததும் விறைப்பு மிக்கதுமான துருப்பிடியா எஃகு தங்கத்தின் இடத்தைப் பிடித்தது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் பியூலர் என்பவர் நிக்கலும் டைட்டானியமும் கலந்த புதியதோர் உலோகத்தை ஆராய்ந்தார். எவ்வளவு வளைத்தாலும் தன் பழைய வடிவுக்கே மீளும் இயல்பு அதற்கு இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அதனைப் பற்சீரமைப்புக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஆண்டிரியாசன் என்னும் பேராசிரியர். அவர் பணியாற்றியது அயோவாவில்.

கம்பி பல்லை எவ்வாறு நகர்த்துகிறது? ஒவ்வொரு பல்லின் மீதும் பிராக்கெட் எனப்படும் சிறு பிடி ஒன்றை ஒட்டுகிறார்கள். அதன் நடுவிலுள்ள பள்ளத்தில் கம்பி படிந்து செல்கிறது. பற்கள் கோணலாக இருப்பதால் கம்பியும் வளைந்தே நுழைகிறது. தன் வடிவுக்கு மீள முயலும்போது பல்லையும் மெல்ல உடன் இழுக்கிறது. பல் அழுந்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. விலகும் பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. பொதுவாக மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே பல் நகரும். அவசரப்பட்டு வலிந்து இழுத்தால் வேருக்குத் தீங்கு நேரும். ஆதலால் தொடக்கத்தில் மெல்லிய நிக்கல்-டைட்டானியக் கம்பியும், வரிசை ஓரளவு அமைந்தபின் தடித்த எஃகுக் கம்பியும் இடுவது வழக்கம். முழுச் சிகிச்சைக்கும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரையில் ஆகும். சிலருக்கு இன்னும் நீளும்.

முற்காலத்தில் பிராக்கெட்டும் கம்பியும் இரண்டுமே உலோகமாக இருந்தன. 1980-களின் பிற்பகுதியில் பீங்கான் போன்ற பொருளாலான பிராக்கெட்டுகள் வந்தன. அவை பல்லோடு பல்லாகத் தோன்றியமையால் குறுக்கே ஓடும் கம்பி மட்டும் தனித்து மின்னியது. அதனையும் மறைத்துவிட வேண்டும் என்னும் விருப்பத்தில் பிறந்ததே பல்நிறப் பூச்சு.

இப்பூச்சு வகைகளுள் முதலாவது டெஃப்லான். 1938-இல் கண்டுபிடிக்கப்பட்ட இப்பொருள் நம் இல்லத்தரசியர்க்குப் புதியதன்று. ஒட்டாத தோசைக்கல்லின் மேல் இருப்பது அதுவே. இரண்டாவது எப்பாக்சி. உடைந்த சாமான்களை ஒட்ட நாம் வாங்கும் அரால்டைட் பசை அவ்வினத்தைச் சேர்ந்தது. மின்னூட்டம் பெற்ற எப்பாக்சித் துகள்களைக் கம்பியின் மேல் தூவிச் சூளையில் வைத்து இறுகச் செய்கிறார்கள். மூன்றாவது ரோடியம் என்னும் வெண்ணிற உலோகம். வெள்ளைத் தங்க நகைக்கு முலாம் இடுவதும் அதனாலேயே. இது பல்லின் நிறத்தைப் பெறுவதில்லை. பளபளப்பை மட்டும் அடக்குகிறது. டெஃப்லான் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. எப்பாக்சி அதனினும் இரு மடங்கு. இரண்டுமே ஒரு தலைமயிரின் பருமனை எட்டுவதில்லை.

இனி என் இல்லத்துக்கு வருகிறேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மேல் வரிசையில் வலப்புறக் கோரைப்பல் ஏறி நிற்க, முன்பற்கள் இரண்டும் சற்றே துருத்தியிருந்தன. அவள் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் எப்போது வந்ததென்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் பகுதிப் பல் மருத்துவர் கம்பி கட்ட வேண்டுமென்றார். மகள் உடனே மறுத்துவிட்டாள். பள்ளியில் அவளுடைய பெயரே பிற மாணவியர்க்குப் புதுமை. தயிர்ச்சாதம் கொண்டு செல்லும் டப்பாவும் புதுமை. வங்காளத்தைத் தடையின்றிப் பேசினாலும், ‘மத்ராஸி’ என்று யாரேனும் ஒருவர் நினைவூட்டாமல் விடுவதில்லை. இவற்றோடு வாயிலும் ஒரு புதுமை வேண்டா என்பதே அவள் எண்ணம். அயலூரில் வாழும் பிள்ளைகளின் இவ்வெண்ணத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

என் அன்னையாரின் கவலை வேறு. “பெண் குழந்தை வாயிலே கம்பியைக் கட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கோடைக்கு ஊருக்குப் போகிற நேரத்திலா இது?” என்றார். ஊரில் உறவினர் ஆண்டுக்கு ஒரு முறைதான் பார்க்கிறார்கள். அந்த ஒரு முறை பார்த்ததே ஆண்டு முழுவதும் பேச்சாகும் என்பது அவர் அனுபவம். இவ்வாறிருக்க, வகுப்புத் தோழி ஒருத்தி வாயிலாகப் பல்நிறக் கம்பியைப் பற்றிக் கேள்வியுற்ற மகள், “அப்பா, அது என்றால் போட்டுக்கொள்கிறேன்” என்றாள். அடுத்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

அவர் ஒரு சிறு கணக்கைச் சொன்னார். இருப்புப்பாதை அலுவலகத்தில் நாள்தோறும் கணக்கோடு மல்லாடும் எனக்கு அது எளிதில் விளங்கிற்று. பிராக்கெட்டின் பள்ளத்துக்கு ஒரு திட்டமான அளவு உண்டு. பூச்சிட்டதற்காகக் கம்பியின் பருமனை மிகுதியாகக் கூட்ட இயலாது. ஆகவே பலர் உள்ளிருக்கும் உலோகத்தைச் சற்று மெலிதாக்கிவிடுகிறார்கள். 0.016 அங்குலக் கம்பியில் பூச்சுக்காக இரு புறமும் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் போனால், உள்ளே நிற்பது 0.014 அங்குலமே. உருண்டைக் கம்பியின் விறைப்போ பருமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எனவே பருமனில் எட்டில் ஒரு பங்கு குறையும்போது விறைப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்துவிடுகிறது. மெல்லிய விசை வேண்டிய தொடக்க மாதங்களில் இது குறையன்று; பற்களை இழுத்து இடைவெளியை மூடும் கட்டத்தில் குறையே.

இரண்டாவதாக அவர் கூறியது பூச்சின் ஆயுளைப் பற்றியது. பல் நகரும்போது பிராக்கெட் கம்பியின் மேல் உராய்ந்தே நகர்கிறது. மெல்லும்போது உணவும் உராய்கிறது. துலக்கும்போது தூரிகையும் உராய்கிறது. இவற்றுக்கெல்லாம் அம்மெல்லிய பூச்சு நெடுநாள் தாங்குவதில்லை. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாயிலிருந்து கழற்றி எடுத்த கம்பிகளில் முப்பத்து மூன்று நாட்களுக்குள் பூச்சின் காற்பங்கு போய்விட்டிருந்தது தெரியவந்தது. இது எனக்கு வியப்பளிக்கவில்லை. தண்டவாளத்தை நோக்குங்கள்: பக்கங்களில் துருவேறிச் செம்மை படிந்திருக்கும், சக்கரம் ஓடும் மேற்பரப்போ வெள்ளி போல் மின்னும். அங்கே எவ்வண்ணத்தைப் பூசினாலும் ஒரு நாள் வண்டி ஓட்டத்துக்கு நிற்குமா? எஃகுத் திருப்பியால் சுரண்டிய ஒட்டாத தோசைக்கல்லின் கதியை அறிந்த என் மனைவிக்கும் இதனை விரித்துரைக்க நேரவில்லை.

மூன்றாவது செய்தி நம் சமையலறையைச் சார்ந்தது. இப்பூச்சுகள், சிறப்பாக எப்பாக்சி, உணவின் நிறத்தை ஏற்றுக்கொள்வன. காப்பியும் தேநீரும் கறை செய்யும். எல்லாவற்றையும் விட மஞ்சள் செய்யும். மஞ்சளில்லாத சாம்பாரும் இல்லை, வங்காளத்து மீன் குழம்பும் இல்லை. பூச்சு உரிந்த இடத்தின் விளிம்பு சொரசொரப்பாகிவிடுவதால் அழுக்குப் படியவும் ஏதுவாகிறது.

இவ்வளவும் சொன்ன மருத்துவர், பூச்சுக் கம்பியே வேண்டா என்று சொல்லவில்லை. முதற் கட்டத்து மெல்லிய கம்பியை மட்டும் பல்நிறத்தில் இடலாம். இழுக்கும் கட்டத்துக்கு வெறும் எஃகுதான். இதற்கு இசைவா என்று என்னை விடுத்து என் மகளையே கேட்டார். அவள் சற்று எண்ணிப் பார்த்து, “சரஸ்வதி பூசை வரைக்கும் அது நிற்குமா?” என்றாள். வசந்த பஞ்சமியன்று இந்நகரத்துப் பள்ளிச் சிறுமியர் புடைவையுடுத்திச் சென்று படம் எடுத்துக்கொள்ளும் சிறப்பை நம் வாசகர்கள் அறிவார்கள். அதற்கு மூன்று வாரமே இருந்தது. நிற்கும் என்றார் மருத்துவர். அவ்வாறே முடிவாயிற்று. விலை வேறுபாட்டை முன்னரே கேட்டறிந்துகொண்டேன்.

பூசையன்று மஞ்சட் புடைவையில் எடுத்த படங்களில் கம்பி எங்கே என்று தேடத்தான் வேண்டும். ஆனால் ஐந்தாம் வாரத்தில் கோரைப்பல்லின் அருகே பூச்சு கிழிந்து உலோகம் தெரியலாயிற்று. எஞ்சிய பகுதி எங்கள் வீட்டுச் சாம்பாரின் நிறத்தை அடைந்தது. ஒரு நாள் காலை கண்ணாடி முன் நின்ற மகள், “அப்பா, இது புலித்தோல் மாதிரி ஆகிவிட்டது. முழு ஸ்டீலே மேல்” என்றாள். அதற்குள் வகுப்பில் அவளுக்குக் கம்பியிருப்பது எல்லார்க்கும் தெரிந்தும் போயிற்று. தெரிந்தபின் நேர்ந்தது ஒன்றுமில்லை. அவ்வகுப்பிலேயே கம்பி கட்டியவர்கள் அவளையும் சேர்த்து நால்வர். கம்பியைப் பிராக்கெட்டோடு பிணைக்கும் சிறு ரப்பர் வளையங்கள் பல நிறங்களில் கிடைக்கின்றன. பிற சிறுமியரைப் பார்த்து இவளும் அடுத்த முறை நீல நிற வளையம் கேட்டு வாங்கிக்கொண்டாள். மறைக்க வேண்டுமென்று தொடங்கியவள் நிறம் தேர்ந்து காட்டும் நிலைக்கு வந்தது எப்படியென்று அவளைக் கேட்டு நான் விடை பெறவில்லை. வாயைப் பொத்தும் கை மட்டும் சில நாட்களாக மேலே எழுவதில்லை.

அப்படியாயின் பூச்சுக்குக் கொடுத்த பணம் வீணா? நான் அவ்வாறு கருதவில்லை. பூச்சு பிறர் கண்ணுக்கு. கம்பி குழந்தையின் பல்லுக்கு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரையில் பூச்சால் தீங்கில்லை. ஐந்து வாரமே நின்ற அந்தப் பூச்சுதான், மறுத்து நின்ற பெண்ணை மருத்துவரின் நாற்காலியில் அமரச் செய்தது. அது இன்றேல் சிகிச்சை ஓரிரு ஆண்டு தள்ளிப்போயிருக்கும். ஒருகால் நடைபெறாமலே போயிருக்கும். ஆனால் பூச்சு உரியக்கூடாதென்று எஃகுக் கம்பியை மறுத்திருந்தால், நிறத்தைக் காத்து வரிசையை இழந்தவர்களாயிருப்போம்.

இச்சிகிச்சையை எண்ணியிருக்கும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். பல்நிறக் கம்பி எந்தக் கட்டத்துக்கு, எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். பூச்சு உரிந்தால் கம்பியை மாற்றுவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று தெளிந்துகொள்ளுங்கள். வெளிப்பக்கம் மட்டும் பூச்சிட்டதா, முழுவதும் பூச்சிட்டதா என்பதையும் அறியுங்கள். நிக்கல் கலந்த கவரிங் நகை அணிந்தால் தோல் தடிக்கும் இயல்பு குழந்தைக்கு உண்டாயின் முன்னரே சொல்லுங்கள். எந்நேரமும் உரியக்கூடிய பூச்சை நம்பி அதனை மறைத்துவிட வேண்டா. முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு ஆகியவை பூச்சுக்கு மட்டுமன்றிப் பிராக்கெட்டுக்கும் பகை. தீபாவளியும் பொங்கலும் இருமுறை கடந்து போகும் வரையில் பிள்ளைகள் பொறுத்திருக்க வேண்டும். மென்மையான தூரிகையால் ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் துலக்குதல் நன்று.

நம் போன்ற புலம்பெயர்ந்தோர்க்கெனச் சில குறிப்புகள் உண்டு. கோடையில் ஹவுரா – சென்னை மெயிலில் ஊருக்குச் சென்று ஒரு மாதம் தங்குவோர், புறப்படும் முன் மருத்துவரைக் கண்டு கம்பியின் முனைகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கன்னத்தில் குத்தினால் ஒட்டிக்கொள்ளப் பற்சீரமைப்புக்குரிய மெழுகையும் கேட்டு வாங்கி உடன் வைத்திருங்கள். இடமாற்றத்துக்குரிய பணியில் இருப்போர், எக்ஸ்-ரே படங்கள், பல்லின் அச்சு, சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றின் படியைத் தம்மிடம் வைத்துக்கொண்டால், புதிய ஊரில் வேறொரு மருத்துவர் பணியைத் தொடர்வது எளிதாகும். கம்பியைக் கழற்றியதும் எல்லாம் முடிந்ததென்று எண்ணலாகாது. ரிடெய்னர் எனப்படும் கருவியை மருத்துவர் சொல்லும் காலம் வரை அணியாவிடில், பற்கள் தம் பழைய இடத்தை நாடிச் செல்லும்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிலும் கொலுவிலும் நம் பிள்ளைகள் ஒன்றுகூடும்போது, கம்பி கட்டிய குழந்தையைக் கண்டு, “ஐயோ, இது என்ன?” என்று வியக்காதீர்கள், “எப்போது கழற்றுவார்கள்?” என்று நாலு பேர் நடுவில் கேட்காதீர்கள். கண்ணாடி அணிந்த பிள்ளையை நாம் இப்போது அவ்வாறு கேட்பதில்லை அன்றோ? குழந்தைகள் வாய் திறந்து சிரிக்கும் இடங்களாக நம் வீடுகளும் சங்கமும் இருக்குமாயின், கம்பி எந்த நிறமாயினும் குறைவில்லை.